சாவியும் நாயும் ஒரே கையில: ஓனருக்கும் ஹவுஸ் சிட்டருக்கும் எங்க முட்டிக்குது

வெளியூர் போகணும், வீட்டுல நாய் இருக்கு, இல்ல ரெண்டு பூனை இருக்கு, யார்கிட்ட விட்டுட்டுப் போறது? ரொம்ப காலமா இதுக்கு இருந்த பதில் சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, அதுவும் இல்லன்னா காசு கட்டி போர்டிங்ல, அதாவது நாய் பூனைங்களைத் தங்க வச்சுப் பார்த்துக்கற இடத்துல, விடறது. கடந்த இருபது இருபத்தஞ்சு வருஷத்துல இன்னொரு வழியும் சேர்ந்திருக்கு, முன்னப்பின்ன பார்த்தே இராத ஒருத்தர் நம்ம வீட்டுக்கே வந்து தங்கி நம்ம நாயைப் பார்த்துக்கறது, இப்படி வர்றவங்களைத்தான் ஹவுஸ் சிட்டர், சுருக்கமா சிட்டர்னு சொல்றாங்க. ஹவுஸ்கேரர்ஸ்ங்கற சைட் 2000லயே வந்துடுச்சு, பிரிட்டன்ல ட்ரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் 2010ல ஆரம்பிச்சாங்க, அமெரிக்காவுல சியாட்டில்ல ரோவர் 2011ல வந்துச்சு. பூனைக்கு இது உண்மையிலேயே நல்ல வழி, ஏன்னா பூனைக்குப் பழகின இடம் ரொம்ப முக்கியம், கூண்டுல கொண்டுபோய் வச்சா சில பூனைங்க நாள் கணக்கா சாப்பிடாது.

இதுல ரெண்டு வகை இருக்கு, அதைப் பிரிச்சுப் பார்க்காம மேல பேசினா குழப்பம்தான். ஒண்ணு காசுக்கு வர்றவங்க, ஒரு ராத்திரிக்கு இவ்வளவு, ஒரு வாக்கிங்குக்கு இவ்வளவுன்னு முன்னாடியே ரேட் பேசி வருவாங்க, ரோவர் இந்த வகை. இன்னொண்ணு பண்டமாற்று மாதிரி, சிட்டருக்குத் தங்க இடம், ஓனருக்கு நாயைப் பார்த்துக்க ஆள், ரெண்டு பேருக்கும் நடுவுல பணம் கை மாறாது, சைட்டுக்கு மட்டும் சந்தா மாதிரி கட்டணம். ட்ரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் ரெண்டாவது வகையில வருது. மனஸ்தாபம் ரெண்டுலயும் வருது, ஆனா ரெண்டாவது வகையில வர்ற மனஸ்தாபத்துக்கு ஒரு தனிக் கசப்பு இருக்கு, அதுக்குக் காரணமும் இருக்கு.

சண்டைன்னு வந்தா சிட்டர் பக்கம் கேக்கறது எப்பவும் ஒரே மாதிரிதான். வீடு குப்பையா கிடந்துச்சு, ஃப்ரிட்ஜ்ல ஒரு டப்பா வைக்கக்கூட இடமில்ல, நாய் கடிக்கும்னு யாரும் சொல்லவே இல்ல, ராத்திரி மூணு மணிக்கு எழுந்து மாத்திரை கொடுக்கணும்ங்கறதே வந்து சேர்ந்தப்புறம்தான் தெரிஞ்சுது. ஓனர் பக்கம், நாயைத் தனியா விட்டுட்டு நாள் பூரா ஊர் சுத்தப் போயிட்டாங்க, கேக்காம ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வந்து தங்க வச்சாங்க, வந்து பார்த்தா கார்ப்பெட் பூரா மூத்திர வாடை, ஒரு வார்த்தை சொல்லலை. ரெண்டுல எதைப் படிச்சாலும் நமக்கு உடனே கோவம் வந்து ஒரு பக்கம் சாஞ்சுடறோம். திருட்டு, விலங்கை அடிக்கறது, இதெல்லாமும் நடக்கத்தான் செய்யுது, அது போலீஸ் கேஸ், அதைப் பத்தி நான் இங்க பேச வரலை. நான் பேச வந்தது ரெண்டு பக்கமும் நல்ல மனுஷங்களா இருந்தும் முட்டிக்கற சண்டையைப் பத்தி, என் கணிப்புல இதுல வர்ற பெரும்பாலான சண்டை அந்த வகைதான், அதோட வேர் பெரும்பாலும் சாவி கை மாறுறதுக்கு முன்னாடியே இருக்கு, சொல்லியிருக்க வேண்டிய ஒண்ணை யாரோ ஒருத்தர் சொல்லாம விட்டதுல.

முதல்ல இந்த ஏற்பாடு எவ்வளவு விசித்திரமானதுன்னு பாருங்க. வாடகைக்கு விட்டா வீடு மட்டும்தான் அடுத்தவங்க கையில, போர்டிங்ல விட்டா நாய் மட்டும்தான், இதுல ரெண்டும் சேர்ந்து போகுது, கூடவே அலமாரி, லெட்டர், மருந்து டப்பா, படுக்கை எல்லாமே. சிட்டர் பக்கமும் அப்படித்தான், வேற ஒருத்தர் வீட்டுல, அவங்க ரூல்ல, தனக்கு எந்த உரிமையும் இல்லாத இடத்துல தூங்கணும், இன்னிக்கு ராத்திரியே கிளம்புன்னு சொன்னா போக்கிடம் இல்லாத நிலைமையில நிறைய பேர் இருப்பாங்க. இதுக்கு மேல ஒரு விஷயம், அந்த ரெண்டு வாரத்துல உண்மையில என்ன நடந்துச்சுன்னு முழுசா தெரிஞ்ச ஒரே சாட்சி நாய்தான், அதால எதையும் சொல்ல முடியாது. ஓனர் திரும்பி வந்து நாய் மெலிஞ்சிருக்குன்னு பார்க்கறாங்க, சிட்டர் சரியா சாப்பாடு போடலையா, இல்ல போட்டும் ஓனரை நினைச்சு நாய் சாப்பிடலையா? ரெண்டுக்கும் வெளியில தெரியற அடையாளம் ஒண்ணுதான். சாட்சி பேசாத இடத்துல சந்தேகம்தான் பேசும், அதுவும் தன் பிள்ளை மாதிரி வளர்த்த விலங்குன்னா சந்தேகம் நியாயமா இருக்கணும்னு எதிர்பார்க்க முடியாது.

இப்ப மறைக்கறதைப் பத்தி. ஜார்ஜ் அகர்லாஃப்னு ஒரு பொருளாதார அறிஞர் 1970ல பழைய கார் சந்தையை வச்சு ஒரு கட்டுரை எழுதினாரு, 2001ல நோபல் பரிசு கிடைச்சதுல அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு. சாரம் என்னன்னா, விக்கறவனுக்கு வண்டியோட கோளாறு தெரியும், வாங்கறவனுக்குத் தெரியாது, அதனால வாங்கறவன் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டு சராசரி விலைதான் கொடுப்பான், அந்த விலைக்கு நல்ல வண்டி வச்சிருக்கறவன் விக்க மாட்டான், கடைசில சந்தையில ஓட்டை வண்டிதான் மிஞ்சும். ஹவுஸ் சிட்டிங்ல இது ரெண்டு பக்கமும் நடக்குது. நாய் பயந்தா கடிக்கும், பூனை சோஃபாவுல மூத்திரம் போகும், மாடி ரூம்ல ஒழுகும்னு உண்மையா எழுதின ஓனருக்கு அப்ளிகேஷன் கம்மியா வரும்னு பயம், அதனால எல்லாரும் தங்கமான குட்டி, சாதுவான குட்டின்னே எழுதறாங்க. சிட்டரும் நான் பகல் பூரா வீடியோ மீட்டிங்ல இருப்பேன், பெரிய நாயைப் பிடிச்சு நடத்தற பலம் எனக்கு இல்லன்னு எழுத மாட்டாங்க. ரெண்டு பக்கமும் இப்படியே பாலிஷ் போட்டுப் போட்டு, கொஞ்ச நாள்ல எந்த விளம்பரத்தையும் யாரும் முழுசா நம்பறதில்ல, உண்மையாவே சாதுவான நாயை வச்சிருக்கற ஓனரும் சேர்ந்து அடிபடறாரு.

அதுக்குத்தான் ரிவியூ இருக்கேன்னு தோணும். ரிவியூ உதவுது, இல்லன்னு சொல்லலை, ஆனா ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் மார்க் போடற இடத்துல பயம் உள்ள வந்துடுது. இதை மத்த சைட்டுங்க முன்னாடியே அனுபவிச்சிருக்கு. ஈபேங்கற ஆன்லைன் விற்பனை சைட்ல வாங்கறவன் கெட்ட ரிவியூ போட்டா விக்கறவன் பழிக்குப் பழியா கெட்ட ரிவியூ போடறது பெரிய பிரச்சினையாகி, 2008ல விக்கறவங்க வாங்கறவங்களுக்கு நெகட்டிவ் போடவே முடியாதுன்னு மாத்தினாங்க. வீடு, ரூமைக் குறுகிய நாளுக்கு வாடகைக்குப் பிடிச்சுத் தர்ற ஏர்பிஎன்பி 2014ல வேற வழி எடுத்தாங்க, ரெண்டு பேரும் எழுதி முடிச்சப்புறம், இல்ல 14 நாள் டைம் முடிஞ்சப்புறம்தான் ரெண்டு ரிவியூவும் ஒண்ணா வெளியில தெரியும், அடுத்தவன் என்ன எழுதினான்னு பார்த்துட்டு எழுத முடியாது. இது பழிவாங்கறதைக் குறைக்கும், ஆனா தயக்கத்தைப் போக்காது. காசு வாங்காம அடுத்தடுத்த வீட்டுல தங்கியே வாழ்க்கையை ஓட்டற சிட்டருக்கு ரிவியூதான் சம்பளம், அடுத்த வீடு கிடைக்கறதே அதை வச்சுத்தான், ஒரு கெட்ட ஓனரைப் பத்தி உண்மையை எழுதினா அடுத்த ஓனர் அதைப் படிச்சுட்டு, இவங்க சிக்கல் பண்ற ஆள் போலன்னு தள்ளிடுவாரோன்னு பயப்படறது இயல்புதானே. அதனால ஸ்டார் அஞ்சு போட்டுட்டு, நாய் ரொம்ப சுறுசுறுப்பு, நிறைய கவனிப்பு தேவைன்னு பூசி மெழுகி எழுதறாங்க. அந்தப் பூச்சுக்குள்ள இருக்கறதைப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் ரிவியூ பயன்படுது, புதுசா வர்றவங்களுக்கு இல்ல.

பணம் கை மாறாத ஏற்பாட்டுல ஒரு தனிக் கசப்புன்னு சொன்னேன்ல, அது இதுதான். ஓனர் மனசுல இருக்கற கணக்கு, இவ்வளவு நல்ல வீட்டுல ஓசியா தங்க வச்சிருக்கேன். சிட்டர் மனசுல இருக்கற கணக்கு, இதே வேலைக்கு ஆள் வச்சிருந்தா எவ்வளவு செலவாகியிருக்கும், நான் சும்மா செஞ்சு தர்றேன். ரெண்டு பேரும் தான்தான் உதவி செய்யறோம்னு நினைக்கறாங்க, ரெண்டு பேரும் எதிர்ப்பக்கத்துலேருந்து நன்றியை எதிர்பார்க்கறாங்க, விலைன்னு ஒண்ணு இல்லாததால எது எவ்வளவுக்கு ஈடுன்னு யாரும் வாயைத் திறந்து பேசறதில்ல. அப்புறம் மெதுவா வேலை சேரும், செடிக்குத் தண்ணி, கோழிக்குத் தீனி, நீச்சல் குளத்துல இலை எடுக்கறது, வர்ற பார்சலை வாங்கி வைக்கறது, ஒவ்வொண்ணும் தனியா பார்த்தா அஞ்சு நிமிஷ வேலை, எல்லாம் சேர்ந்தா அரை நாள். சிட்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, உள்ளுக்குள்ள எழுதி வச்சுப்பாங்க. ஓனரும் அப்படித்தான், கரண்ட் பில் ஏறியிருக்கறதைப் பார்ப்பாங்க, கேக்க மாட்டாங்க, ரிவியூல ஒரு ஸ்டார் குறையும்.

நடுவுல பணத்தைக் கொண்டுவந்தா சரியாயிடுமான்னா அதுவும் அவ்வளவு சுலபம் இல்ல. உரி நீசி, ஆல்டோ ருஸ்திகினி ரெண்டு பேரும் 2000ல வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு, இஸ்ரேல்ல ஹைஃபாவுல 10 குழந்தைகள் காப்பகத்துல பண்ணது. சாயங்காலம் லேட்டா வந்து குழந்தையைக் கூட்டிட்டுப் போற பெற்றோருக்குச் சில காப்பகங்கள்ல அபராதம் போட்டுப் பார்த்தாங்க, லேட்டா வர்றவங்க குறையறதுக்குப் பதிலா ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆனாங்க, அபராதத்தை எடுத்தப்புறமும் குறையலை. அதுவரைக்கும் டீச்சரைக் காக்க வைக்கறோமேன்னு இருந்த கூச்சம், காசு வந்ததும் போச்சு, காசு கொடுத்து வாங்கற டைமா மாறிப்போச்சு. பண்டமாற்றுல வந்த சிட்டர்கிட்ட பாதியில கரண்டுக்குக் கொஞ்சம் கொடுங்கன்னு கேட்டா இதே மாதிரி ஒரு மாற்றம் நடக்கும்னு நினைக்கறேன், அந்த நிமிஷத்துலேருந்து அவங்க மனசுல அது வாடகை வீடு, வாடகை கொடுக்கறவங்க நாயை விட்டுட்டு எட்டு மணி நேரம் வெளியில போனா என்ன தப்புன்னு தோணும். கேக்கணும்னா ஆரம்பத்துலயே கேக்கணும், ஒத்துக்கறவங்க மட்டும் வரட்டும்.

அடுத்து வர்றதுதான் எனக்கு இதுல ரொம்ப முக்கியமாப் படற விஷயம், அதிகம் பேசப்படாததும் இதுதான். என் நாய் அப்படிப் பண்ணவே பண்ணாதுன்னு ஓனர் சொல்றப்ப அவங்க பொய் சொல்றாங்கன்னு சிட்டர் நினைக்கறாங்க. பெரும்பாலும் பொய் இல்ல. ஓனர் தன் நாயைத் தான் இருக்கறப்ப மட்டும்தான் பார்த்திருக்காங்க, தான் இல்லாதப்ப அது எப்படி இருக்கும்னு அவங்க பார்த்ததே கிடையாது, பார்க்கவும் முடியாது. மேரி எய்ன்ஸ்வொர்த்னு ஒரு உளவியல் அறிஞர் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு சோதனை வச்சாங்க, தெரியாத ரூம்ல அம்மாவோட விட்டு, அப்புறம் அம்மா வெளியில போய், ஒரு புது ஆள் உள்ள வந்து, திரும்ப அம்மா வர்றப்ப குழந்தை என்ன பண்ணுதுன்னு பார்க்கறது. இதையே 1998ல ஹங்கேரியில யோஜெஃப் தோபாலும் அவரோட சக ஆய்வாளர்களும் 51 நாய்களையும் அதுங்க ஓனர்களையும் வச்சுப் பண்ணாங்க, ஓனர் பக்கத்துல இருக்கறப்ப விளையாடி, சுத்திப் பார்க்கற நாய், அவங்க போனதும் கதவுகிட்டயே போய் நிக்குது, திரும்பி வந்தப்ப அவங்ககிட்ட காட்டற வரவேற்பு புது ஆள்கிட்ட காட்டறதைவிட ரொம்ப அதிகம். 2019ல அமெரிக்காவுல ஓரிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில பூனைகளுக்கும் இதே மாதிரி பண்ணிப் பார்த்தப்ப, வகைப்படுத்த முடிஞ்ச பூனைகள்ல மூணுல ரெண்டு பங்கு வளர்க்கறவங்களோட உறுதியான பிணைப்புல இருந்துச்சுன்னு தெரிஞ்சுது, யாரையும் மதிக்காத ஜீவன்னு நாம நினைச்சிட்டிருந்த பூனைக்கே இப்படி.

இதோட அர்த்தத்தைக் கொஞ்சம் யோசிங்க. ஓனர் ஒப்படைக்கறது ஒரு நாயை, சிட்டர் கைக்கு வர்றது நடந்துக்கறதுல வேற ஒரு நாய். ஓனர் இருந்தா கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர்றது, சிட்டர் கூப்பிட்டா வராது, லீஷை, அதாவது பிடிச்சு நடத்தற கயிறை, கழட்டினா ஓடிடும், கதவு திறந்த நொடியில வெளியில பாஞ்சுடும். பன்னெண்டு வருஷமா வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணாத நாய், முதல் ரெண்டு ராத்திரி ஹால்லயே போகும். ஓனரோட அனுபவத்துல அது பண்ணாது, சிட்டரோட அனுபவத்துல அது பண்ணுது, ரெண்டும் உண்மை, ஆனா ரெண்டு பேரும் எதிர்ப்பக்கத்தைப் பொய்யர்னு முடிவு பண்ணிடறாங்க. இதுக்கு ஓனர் பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு, ஊருக்குப் போறதுக்கு சில வாரம் முன்னாடியே ஒரு போனை ரெக்கார்டிங்ல போட்டு வச்சுட்டு ஒரு மணி நேரம் வெளியில போய்ட்டு வந்து பாருங்க, பிரிவைத் தாங்க முடியாத நாய் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளயே குலைக்கறது, கதவைச் சுரண்டறது, எச்சில் ஒழுக நடந்துட்டே இருக்கறதுன்னு காட்டிடும். அந்த வீடியோவை அப்படியே சிட்டருக்கு அனுப்பலாம், பத்துப் பக்கம் எழுதறதைவிட அது சொல்லும். தலைகீழாவும் நடக்கும், சில நாய் சிட்டர் வந்த அன்னிக்கே அவங்க மடியில ஏறிப் படுத்துக்கும், அந்த போட்டோவைப் பார்த்துட்டு மனசு சுருங்கிப்போற ஓனர்களும் இருக்காங்க, அதையும் சிட்டருங்க புரிஞ்சுக்கணும், அடுத்த மெசேஜ்ல ஓனர் கொஞ்சம் சிடுசிடுன்னு இருந்தா காரணம் அதுவா இருக்கலாம்.

கேமராவைப் பத்தி சுருக்கமா. வாசல் கேமரா இருக்கறது நியாயம், இருக்குன்னு முன்னாடியே சொல்லிடணும். வீட்டுக்குள்ள, ஒருத்தர் துணி மாத்தற, தூங்கற, சாப்பிடற இடத்துல கேமராவை ஓட விடறது எந்தக் காரணத்துக்காகவும் சரி இல்ல, நாயைப் பார்க்கத்தான்னு சொன்னாலும் சரி இல்ல. ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30லேருந்து உலகம் பூரா வீட்டுக்குள்ள கேமராவுக்கே தடை போட்டாங்க, சொல்லிட்டு வச்சாலும் கூடாது, ஆஃப் பண்ணி வச்சிருந்தாலும் கூடாதுன்னு. கண்காணிக்கப்படறோம்னு தெரிஞ்ச சிட்டர் நாயோட தரையில உக்காந்து விளையாட மாட்டாங்க, ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்பாங்க, கடைசில நஷ்டம் நாய்க்குத்தான். மனசுல உள்ள பதட்டத்தைக் குறைக்கத்தான் கேமரான்னா, அதுக்குப் பதிலா தினம் ஒரு போட்டோ, ஒரு வரி, எந்த நேரத்துக்குன்னு பேசி வச்சுக்கலாம், ஒரு நாளைக்கு ஒண்ணா மூணான்னு நம்பரோட பேசணும், அப்பப்ப அனுப்புங்கன்னு சொன்னா ஓனருக்கு அது மூணு மணி நேரத்துக்கு ஒண்ணு, சிட்டருக்கு அது ரெண்டு நாளைக்கு ஒண்ணு.

நோயும் சாவும் வர்ற இடம்தான் இருக்கறதுலயே பாரமானது. வயசான நாயை விட்டுட்டுப் போறப்ப, ஒருவேளை ஏதாவது ஆயிடுச்சுன்னாங்கற பேச்சை ஓனர் எடுக்க மாட்டாங்க, அபசகுனமாத் தோணும், சிட்டரும் கேக்க மாட்டாங்க, மரியாதையா இருக்காது. அப்புறம் ராத்திரி ஒரு மணிக்கு நாய் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயற்சி பண்ணி எதுவும் வராம தவிச்சுட்டிருக்கும், ஓனர் விமானத்துல இருப்பாங்க, போன் ஆஃப். ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கறப்ப இப்படித்தான் ஆகும், அது சில மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ண வேண்டிய விஷயம், காலையில பார்க்கலாம்னு விட முடியாது. ஆண் பூனை லிட்டர் பாக்ஸ்ல, அதாவது அது மலஜலம் போற மண் பெட்டியில, போய்ப் போய் உக்காந்து முக்கிட்டு சொட்டு மூத்திரம்கூட வரலைன்னா அதுவும் அப்படித்தான், அடைப்பு எடுக்கலைன்னா ஓரிரு நாள்ல உயிருக்கே ஆபத்து. புது ஆள் வந்ததும் பூனை கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கறது சகஜம், ஆனா ரெண்டு நாளைத் தாண்டியும் ஒண்ணுமே சாப்பிடலைன்னா, அதுவும் குண்டான பூனைன்னா, கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்து பெரிய நோயாயிடும். ஒளிஞ்சிருக்கற பூனையை எங்க தேடணும், எத்தனை நாள் வரைக்கும் கவலைப்பட வேண்டாம், எப்ப டாக்டர்கிட்ட ஓடணும், இது சிட்டருக்குத் தெரிஞ்சிருந்தா பாதி பயமும் பாதி சண்டையும் இல்லாம போயிடும்.

விஷமாகற பொருளும் இதே கணக்குதான், வீட்டுக்காரங்களுக்குப் பழகிப்போனதால சொல்லத் தோணாது. சுகர் ஃப்ரீ சூயிங் கம்ல இருக்கற சைலிட்டால் நாய்க்கு ரத்தச் சர்க்கரையைத் தடால்னு இறக்கிடும், திராட்சையும் உலர் திராட்சையும் நாய்க்குக் கிட்னியைக் கெடுக்கும், லில்லிப் பூவோட மகரந்தம் ரோமத்துல பட்டு அதை நக்கினாலே பூனைக்குக் கிட்னி போயிடும். வீட்டை அழகா வச்சுக்கலாம்னு ஆசையா ஒரு பூங்கொத்து வாங்கி வைக்கற சிட்டருக்கு இதை யாராவது சொல்லியிருக்கணும். சர்க்கரை நோய் இருக்கற நாய், பூனைன்னா பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை இன்சுலின் ஊசி, அதுல ஒரு பெரிய அபாயம் சிரிஞ்சுல இருக்கு. விலங்குகளுக்கான இன்சுலின் நிறைய யூ-40 அளவுல, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட்னு வரும், மனுஷங்களோடது பெரும்பாலும் யூ-100, ஒரு மில்லிக்கு 100 யூனிட், சிரிஞ்சும் அதுக்கேத்த மாதிரி தனித்தனி. யூ-100 இன்சுலினை யூ-40 சிரிஞ்சுல எடுத்தா அதே கோடு வரைக்கும் எடுத்தும் ரெண்டரை மடங்கு டோஸ் உள்ள போகும். சாப்பிடாத அன்னிக்கு முழு டோஸ் போடறதும் ஆபத்து, டாக்டரைக் கேட்டுட்டுத்தான் போடணும். இப்படிப்பட்ட விலங்கை முன்அனுபவம் இல்லாத சிட்டர்கிட்ட, ரெண்டு ஊசிதான் ரொம்ப ஈஸின்னு சொல்லி விட்டுட்டுப் போறதை என்னால ஏத்துக்கவே முடியலை, அது சிட்டருக்கும் அநியாயம், அந்த உயிருக்கும் அநியாயம்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா முதல்ல வர்ற கேள்வி, நீங்க ஓனரா? இல்லன்னா யார் கையெழுத்து, யார் பணம்? சிட்டர் கையில எதுவும் இல்லன்னா அங்கேயே நிக்கும். அதனால எழுத்துல ஒரு தாள் வேணும், இந்தத் தேதிலேருந்து இந்தத் தேதி வரைக்கும் இவங்க என் சார்பா சிகிச்சைக்கு சம்மதம் கொடுக்கலாம், இவ்வளவு தொகை வரைக்கும் என்னைக் கேக்காமலே பண்ணலாம், அதுக்கு மேலன்னா இந்த நபரைக் கூப்பிடுங்க, அந்த நபரும் ஓனரோட ஊர் சுத்தற ஆளா இருக்கக் கூடாது, வீட்டுப் பக்கத்துல இருக்கறவரா இருக்கணும். வழக்கமா போற ஆஸ்பத்திரியில ஓனரே முன்னாடி போய்ச் சொல்லி, பணம் எப்படிக் கட்டறதுன்னு ஏற்பாடு பண்ணிட்டா இன்னும் நல்லது. அந்தத் தாள்ல ஒரு கஷ்டமான வரியும் இருக்கணும், பிழைக்க வாய்ப்பே இல்ல, வலியில துடிக்குது, என்னை எவ்வளவு முயற்சி பண்ணியும் பிடிக்க முடியலைன்னா டாக்டர் சொன்னா ஊசி போட்டு வலியில்லாம அனுப்பிடலாமா, வேண்டாமா. இதை எழுதறப்ப கை நடுங்கும். எழுதலைன்னா அந்த முடிவு, நாயைப் பார்த்தே ஒரு வாரம் ஆன ஒருத்தர் தலையில விழும், எந்த முடிவு எடுத்தாலும் அவங்க ஆயுசுக்கும் அதைச் சுமக்கணும், ஓனரும் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாங்க. சிட்டர் பார்த்துக்கற நேரத்துல விலங்கு இறந்துட்டா அவசரப்பட்டுப் புதைக்காம டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் குளிர்ல வைக்கச் சொல்லணும், ஓனர் வந்து கடைசியா ஒருதடவை பார்க்கணும்னு விரும்பலாம், என்ன காரணம்னு பரிசோதனை பண்ணணும்னும் விரும்பலாம், அந்தப் பரிசோதனை பல நேரம் சிட்டர் மேல விழுந்த வீண் பழியையும் எடுத்துடும்.

சட்டம் கை கொடுக்குமான்னா, ஓனர் எதிர்பார்க்கற அளவுக்குக் கொடுக்காது. பெரும்பாலான நாடுகள்ல வளர்ப்பு விலங்கு சட்டப்படி ஒரு உடைமை. ஆஸ்திரியா 1988லயும் ஜெர்மனி 1990லயும் விலங்கு பொருள் இல்லன்னு சிவில் சட்டத்துலயே எழுதினாங்க, ஆனா ஜெர்மனியில அதே பிரிவுலயே வேற விதி இல்லாத இடத்துல பொருளுக்கான விதிதான் பொருந்தும்னும் எழுதியிருக்கு. அதனால கவனக்குறைவால நாய் செத்துப்போச்சுன்னு கேஸ் போட்டாலும் பல இடத்துல கோர்ட் முதல்ல பார்க்கறது அதோட சந்தை விலையை, பதிமூணு வயசு கலப்பு நாய்க்குச் சந்தை விலை என்ன இருக்கப் போகுது. காசு வாங்காம பார்த்துக்கறவங்களோட பொறுப்பு எவ்வளவுங்கறது ரோமானியர் காலத்துக் கேள்வி, அவங்க சட்டத்துல இலவசமா ஒரு பொருளைப் பாதுகாக்க வாங்கினவர் வேணும்னே துரோகம் பண்ணாத்தான் பதில் சொல்லணும், சாதாரண கவனக்குறைவுக்கு இல்ல. இன்னிக்கு நாட்டுக்கு நாடு இது மாறுது. கடிக்கற விஷயம் மட்டும் சிட்டர் நல்லா தெரிஞ்சு வச்சுக்கணும், பிரிட்டன்ல 1991ல வந்த ஆபத்தான நாய்கள் சட்டப்படி நாய் கட்டுப்பாட்டை மீறி ஆபத்தா நடந்துகிட்டா ஓனர் மட்டும் இல்ல, அந்த நேரத்துல நாயைத் தன் பொறுப்புல வச்சிருந்தவரும் குற்றவாளி ஆகலாம். ஜெர்மனியில ஒப்பந்தப்படி விலங்கைக் கவனிச்சுக்க ஏத்துக்கிட்டவருக்கும் அது பண்ற சேதத்துக்குப் பொறுப்பு உண்டு. போன வருஷம் ஒருத்தரைக் கடிச்சதை ஓனர் சொல்லாம விட்டா அவங்க சிட்டரை வெறும் அசௌகரியத்துல விடலை, கேஸ்லயே கொண்டுபோய் விடறாங்க. இன்னொரு நாட்டுக்குப் போய் சிட்டிங் பண்றவங்களுக்கு விசாவும் இருக்கு, தங்க இடத்துக்குப் பதிலா நாயைப் பார்த்துக்கறதையும் வேலைன்னே எடுத்துகிட்டு, டூரிஸ்ட்டா வந்தவங்களை அமெரிக்காவுல ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பியிருக்காங்க, அந்தப் பக்கம் சிட்டர் வருவாங்கன்னு நம்பி டிக்கெட் போட்ட ஓனர் வீட்டுல நாயோட நிப்பாங்க.

அப்ப என்னதான் பண்ணலாம்னா, என்னோட அபிப்பிராயம், விளம்பரத்துல முதல் பாராவுலயே கெட்டதை எழுதுங்க. கடிச்சதுண்டா, தனியா எத்தனை மணி நேரம் இருக்கும், ராத்திரி எத்தனை தடவை எழுப்பும், படுக்கையில ஏறுமா, மருந்து என்ன, வீட்டுல எது வேலை செய்யாது. அப்ளிகேஷன் குறையும், குறையட்டும், வர்ற ரெண்டு பேர் அதைத் தெரிஞ்சே வர்றவங்க. வீடியோ கால்ல பேசறப்ப நாயும் ஃப்ரேம்ல இருக்கட்டும், முடிஞ்சா சிட்டர் ஒரு நாள் முன்னாடியே வந்து ஓனர் இருக்கறப்பவே நாயோட ஒரு வாக்கிங் போகட்டும், தன் ஆளே இவங்களை உள்ள விட்டாங்கன்னு நாய் பார்க்கறது நிஜமாவே வித்தியாசம் பண்ணும். சிட்டர் பக்கமும் கூச்சப்படாம கேக்கணும், கேள்வி கேக்கற சிட்டரைத் தொல்லைன்னு நினைக்கற ஓனர் வீட்டுக்குப் போகாம இருக்கறதே நல்லது. பகல்ல எத்தனை மணி நேரம் வெளியில போவேன்னு சிட்டரும் நம்பரோட சொல்லணும். நாயோட தோலுக்கு அடியில வைக்கற மைக்ரோசிப் இருக்கா, அதுக்குப் பதிவான போன் நம்பர் இப்பவும் ஓடுதான்னு கேக்கணும், சிப் ஜிபிஎஸ் இல்ல, அது நாய் எங்க இருக்குன்னு காட்டாது, யாராவது பிடிச்சு ஸ்கேன் பண்ணாத்தான் நம்பர் தெரியும், அந்த நம்பருக்கு அடிச்சா எடுக்க ஆள் இருக்கணும். ஓனர் வீட்டு இன்ஷூரன்ஸையும் ஒருதடவை எடுத்துப் படிக்கணும், 30 நாளோ 60 நாளோ வீடு காலியா இருந்தா கவரேஜ் குறையும்னு நிறைய பாலிசியில இருக்கும், சிட்டர் தங்கறது அந்த வகையில ஓனருக்கு லாபம், ஆனா வெளி ஆள் தங்கறதைச் சொல்லணும்னு கண்டிஷன் இருந்தா சொல்லிடணும்.

திரும்பி வர்ற நாள்தான் நிறைய பேர் யோசிக்காத நாள். சிட்டருக்கு அடுத்த வீட்டுக்குப் போக மத்தியானம் ட்ரெயின், ஓனரோட விமானம் ராத்திரி, நடுவுல ஒன்பது மணி நேரம் நாய் தனியா, இதை யார் பார்த்துக்கறதுன்னு முதல் வீடியோ கால்லயே பேசியிருக்கணும். கிளம்பறதுக்கு முன்னாடி சிட்டர் ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம், எந்த நாள் சாப்பிடலை, எப்ப வாந்தி எடுத்துச்சு, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, என்ன உடைஞ்சுது, கார்ப்பெட்ல எந்த இடத்துல கறை பட்டுச்சு, எதைப் போட்டுத் துடைச்சேன். உடைஞ்ச டம்ளரை ஓனர் தானாக் கண்டுபிடிச்சா அடுத்து அலமாரி பூரா தேடுவாங்க, அதே டம்ளர் குறிப்புல முதல் வரியா இருந்தா பெரும்பாலானவங்க பரவாயில்லன்னு விட்டுடுவாங்க. ஓனரும் வந்து சேர்ந்த அன்னிக்கே, பயணக் களைப்புல, வீட்டைச் சுத்திப் பார்த்த கையோட ரிவியூ எழுத உக்கார வேண்டாம், மறுநாள் சிட்டருக்கு ஒரு போன் பண்ணி நாய் எப்படி இருந்துச்சுன்னு கேட்டுட்டு, ஏதாவது சரியில்லைன்னா அதை நேராவே சொல்லிட்டு, அப்புறம் எழுதலாம்.